புதுக் கடை தேடி ஒரு சனி, ஞாயிறு

ஆடியில் ஓட்டல் திறக்கச் சென்னையில் பலர் துணிவதில்லை. மார்கழியிலும் அப்படித்தான். அதனால் ஆவணி முகூர்த்தங்களிலும் தை பிறந்த பிறகும்தான் குடியிருப்புத் தெருக்களில் வாழைமரம் கட்டிய புது வாசல்கள் அடுத்தடுத்துத் தென்படும். புதுக் கடைகளைத் தேடிச் சாப்பிட நினைப்பவர் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணியில் திறந்த கடைக்கு ஐப்பசியில் போங்கள். தையில் திறந்ததற்குப் பங்குனியில் போங்கள்.

இந்த இரண்டு மாத இடைவெளிக்குக் காரணம் உண்டு. முதல் சில வாரங்கள் கடைக்கு வருபவர்கள் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அழைத்து வரப்பட்ட வீடியோக்காரர்கள். மாஸ்டருக்குப் புது அடுப்பின் வேகம் பிடிபட்டிருக்காது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்குத் தெரியாததால் மதியத்துக்கு வைத்த சாம்பார் ஒரு நாள் மிஞ்சும், மறுநாள் ஒரு மணிக்கே தீர்ந்துபோகும். இந்தத் தடுமாற்றம் அடங்கிய பின் சில மாதங்கள் கடை தன் சொந்த ருசியில் நிற்கும். அடுத்த சோதனை பிறகு வரும். முதல் மாஸ்டர் கூடுதல் சம்பளம் கேட்டு வேறு இடத்துக்குப் போவார். அல்லது முதலாளி இரண்டாவது கிளை திறந்து அங்கே போய் நிற்பார். ஒரு தனிக்கடையில், அதைத் தொடங்கியவர் மனத்தில் நினைத்திருந்த ருசியோடு சாப்பிடக் கிடைக்கும் காலம் குறுகியது. உங்கள் சனி, ஞாயிறை அந்தக் காலத்துக்குள் வைக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

தனிக்கடை என்று நான் சொல்வது, முதலாளியோ அவர் வீட்டாரோ தினமும் கல்லாவிலோ அடுக்களையிலோ நிற்கும் கடையை. பல கிளைகள் கொண்ட நிறுவனங்களில் ஓரிடத்தில் அரைத்த மாவும் கலந்த மசாலாவும் வேனில் வந்து இறங்கும். குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று அங்கே சொன்னால், கேட்பவர் தலையாட்டுவார். அதை மாற்றும் அதிகாரம் அந்தக் கிளையில் யாரிடமும் இருக்காது. தனிக்கடையில் அது மறுநாளே மாறும். அதனால்தான் அங்கே போய்ச் சாப்பிடுவதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எந்தப் பேட்டை?

ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும். காலையில் திருவான்மியூர், மதியம் அண்ணா நகர், இரவு ராயபுரம் என்று வண்டியை விரட்டினால் பாதிப் பொழுது சிக்னலில் போய்விடும். பசியும் கெடும்.

ஒரு பேட்டையில் என்ன மாதிரிக் கடை முளைக்கும் என்பதை ஊகிக்க நம்பகமான வழி, அங்கே யார் வந்து குடியேறினார்கள் என்று பார்ப்பது. பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலையானால் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கிறார்கள் என்றால், அது 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த ருசி. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ராஜஸ்தானி, குஜராத்தி வியாபாரக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இரண்டு முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச், வடக்கத்திச் சாட்டும் நம் முறுக்கும் அந்தத் தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் பிறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய பின் கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்தன, பின்னாலேயே அவர்களுக்கான உணவகங்களும் வந்தன. இன்று அந்த மேசைகளில் கொரியத் தொடர் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை நம்பிப் புதியவையும் திறக்கின்றன. வளசரவாக்கம் பக்கம் ஈழத் தமிழர் குடும்பங்கள் இருப்பதால் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் அங்கே தேடத் தக்கவை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலைக்கு வந்தவர்களுக்காக ஆந்திரா மெஸ்கள் இருக்கின்றன. வார நாளில் அங்கே இடம் கிடைப்பது கடினம். சனிக்கிழமை ஆபீஸ் கூட்டம் இல்லாததால் நிதானமாக உட்காரலாம்.

இவை ஒரு வகை. பழைய தனி வீடுகளை மாற்றி அமைத்த கடைகள் இன்னொரு வகை. பெசன்ட் நகர், அடையாறு, ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், அண்ணா நகர் எல்லாவற்றிலும் இவை உண்டு. முற்றத்தில் நாலு மேசை, வேப்பமர நிழல், சுவரில் ஓவியம் என்று பார்க்க நன்றாக இருக்கும். வாடகையும் அட்வான்ஸும் பெரிது என்பதால் விலையும் பெரிதாக இருக்கும். அந்த விலையில் எவ்வளவு தட்டுக்கு வருகிறது, எவ்வளவு மேற்கூரைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்லும் ஜோடி இது. சனிக்கிழமை அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர். ஞாயிறு அண்ணா நகர், ஷெனாய் நகர். முதலாவதற்குப் பறக்கும் ரயிலில் இந்திரா நகர் அல்லது திருவான்மியூரில் இறங்கலாம். இரண்டாவதற்கு மெட்ரோவில் ஷெனாய் நகர், அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் டவர் என்று மூன்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றில் இறங்கி நடந்தே இன்னொன்றுக்குப் போய்விடலாம். நடப்பதுதான் முக்கியம். புதுக் கடைகள் மெயின் ரோட்டில் இருப்பது குறைவு. வாடகைக்குப் பயந்து உள்தெருவில், மாடியில், ஏற்கெனவே வேறொரு ஓட்டல் இருந்து மூடிய இடத்தில் இருக்கும். காரிலிருந்து அவை கண்ணில் படாது.

வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியது

இன்ஸ்டாகிராம் வீடியோக்களில் ஆரம்பிக்காதீர்கள். காசு வாங்கிப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021-லேயே விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் அதையே வலியுறுத்தியது. குறிப்பிடாமல் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒரே கடையைப் பற்றி, ஒரே தட்டை ஒரே கோணத்தில் பிடித்து ஐந்து பேர் போட்டிருந்தால் அது அழைத்துக் காட்டியது. கடை நன்றாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீடியோவை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

இதைவிட நல்ல தகவல் தெருவிலேயே இருக்கிறது. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளில் புதிதாகத் திறந்தவர்கள் சின்ன விளம்பரம் கொடுப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் எங்கே சவாரி இறங்குகிறது என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் கறிக்கடைக்காரர் இன்னும் துல்லியம். “அண்ணே, இந்தப் பக்கம் புதுசா ஓட்டலுக்கு யாராவது கறி எடுக்கிறாங்களா?” என்று கேளுங்கள். யார் தொடை கேட்டு வாங்குகிறார், யார் மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பிடித்தவரைப் பற்றி மனம் திறந்து பேசுவார், மற்றவரைப் பற்றிப் பேச்சை மாற்றுவார். இரண்டும் தகவல்தான்.

ஆறு, ஏழு பெயர் சேர்ந்ததும் போன் போடுங்கள். அழைக்கும் நேரம் மாலை நாலு மணி. மதியக் கூட்டம் முடிந்து இரவு வேலை தொடங்கும் முன், முதலாளியே போனை எடுப்பார். ஞாயிறு இரவு உண்டா என்று கேளுங்கள், ஏனென்றால் சிறு கடைகள் பல ஞாயிறு மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிடும். மதியச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தயார் என்று கேளுங்கள். எது சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதை மறக்காமல் கேளுங்கள். தீர்ந்துபோவது எதுவோ அதுதான் அந்தக் கடையின் அளவான, கவனமான சமையல். எல்லாம் எப்போதும் இருக்கும் என்று பதில் வந்தால் அந்தப் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளலாம். வீட்டில் மூட்டு வலிக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் மாடியா தரைத்தளமா, கழிப்பறை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு நாளுக்கு நாலு கடை போதும். ஐந்தாவது கடையில் உங்கள் நாக்கு வேலை செய்யாது. அந்தக் கடைக்கு அது அநியாயம்.

சனிக்கிழமை

காலை டிபன் நேரத்தைப் புதுக் கடைக்குக் கொடுக்காதீர்கள். பழைய கடை ஒன்றில் சாப்பிடுங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948-லிருந்து இருக்கிறது. அங்கே சாம்பாரில் ஊறிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நாளைத் தொடங்கினால், புதுக் கடையில் சாம்பார் வரும்போது ஒப்பிட நாக்கில் ஓர் அளவு இருக்கும். உங்கள் பேட்டையில் நீங்கள் பல வருடமாக மதிக்கும் எந்தக் கடையும் இதற்குப் பொருந்தும். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

மதியம் பன்னிரண்டுக்கு முன் புதுக் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். முதல் பந்திக்குப் போவதில் பல லாபம். சோறு சூடாக இருக்கும், ரசம் தெளிவாக இருக்கும், பொரியல் வாடாமல் இருக்கும். இவற்றைவிட, பேச ஆள் கிடைக்கும். ஒரு மணிக்கு மேல் சப்ளையரிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது.

உட்கார்ந்ததும் மெனு அட்டையின் நீளத்தைப் பாருங்கள். சின்ன அடுக்களையில் இரண்டு பேர் வேலை செய்யும் கடையில் நூற்றைம்பது பெயர் இருந்தால், அடுப்படியில் நடப்பது இதுதான்: வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த சிவப்புக் கிரேவி ஓர் அண்டா, முந்திரி சேர்த்த வெள்ளைக் கிரேவி ஓர் அண்டா. பனீர், காளான், கோழி எது கேட்டாலும் இரண்டில் ஒன்று கரண்டியில் வரும், மேலே தூவுவது மட்டும் மாறும். இருபது பெயருக்குள் அடங்கிய அட்டை, அதிலும் கரும்பலகையில் தினமும் எழுதிப் போடும் பட்டியல், நம்பிக்கை தரும்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடுங்கள். 2018-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கப்பா சக்கா காந்தாரியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சமையல்காரர் ரெஜி மாத்யூ, கேரளத்தின் வீட்டு அடுக்களைகளுக்கும் கள்ளுக்கடைகளுக்கும் நேரில் போய்ச் சாப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பட்டியலை அமைத்தார். கப்பைக் கிழங்கும் பலாப்பழமும் காந்தாரி மிளகாயும் கடையின் பெயரிலேயே இருக்கின்றன. இப்போது அது புதுக் கடை இல்லை, விலையும் எல்லோருக்கும் எட்டாது. ஆனால் ஊரையும் வீட்டையும் நம்பித் தொடங்கும் கடை எப்படி இருக்கும் என்று அது காட்டியது. பெசன்ட் நகர் உள்தெருவில் செட்டிநாட்டு ஆச்சி ஒருவர் ஆறு மேசை போட்டுத் தொடங்கினாலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: “ஆச்சி, இது எந்த ஊர்ப் பக்குவம்?” பெருமையோடு ஊர்ப் பெயர் வந்து விழுந்தால் அதையே சாப்பிடுங்கள்.

இருவர் போனால் மூன்று பதார்த்தத்துக்கு மேல் சொல்ல வேண்டாம். ஒன்று, எல்லாச் சமையலறையிலும் இருக்கும் சாதாரணமான பண்டம்: ரசம், சாதா தோசை, கலக்கி, தயிர்சாதம். இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ரசத்தில் பருப்புத் தண்ணீரின் மணம் இருக்கிறதா, மிளகும் சீரகமும் அன்று இடித்ததா, பெருங்காயம் மட்டும் மூக்கில் அடிக்கிறதா என்பதை ஒரு டம்ளரிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, கடை தன் பெயரில் விற்கும் பண்டம். மூன்றாவதைச் சப்ளையரிடம் விடுங்கள். “இன்னிக்கு நீங்க எதைச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டால் அவர் ஒரு நொடி அடுக்களைப் பக்கம் பார்ப்பார். அந்தப் பதில் பெரும்பாலும் மெனுவில் இல்லாததாகவும் இருக்கும். பணியாளர்களுக்கென்று வைத்த கருவாட்டுக் குழம்பு இருக்கும், கொஞ்சம் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் அதைத் தருவதற்கு மகிழ்ச்சிப்பட்டவர்களே அதிகம்.

ஊறுகாய், பொடி, தயிர் மூன்றும் கடையில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாது என்று பலர் பாக்கெட்டுக்குப் போய்விட்ட காலத்தில், தயிரைத் தாமே உறைய வைக்கிற ஒருவர் மற்றதிலும் குறுக்குவழி தேட மாட்டார் என்று நம்புகிறேன்.

மாலை ஐந்து வரை எதுவும் சாப்பிடாமல் எலியட்ஸ் கடற்கரையில் நடங்கள். இரவு இரண்டாவது கடை. ஏழு மணிக்குப் போனால் போதும். புளித்த மாவைக் கண்டுபிடிக்க இரவு தோசையே தக்க நேரம். காலையில் எல்லோர் மாவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிறு

ஞாயிறு கறி நாள். பிரியாணியைத் தம் உடைக்கும் நேரத்தை வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்திருப்பீர்கள். பதினொன்றரை என்று சொல்லியிருந்தால் பதினொன்று இருபதுக்கு வாசலில் நில்லுங்கள். புதுக் கடைக்காரர் ஞாயிறுக்கு ஒன்று அல்லது இரண்டு அண்டாதான் வைப்பார். மிஞ்சினால் நட்டம், அடுத்த நாள் திங்கள். முதல் அண்டாவின் நடுப்பகுதியில் வரும் சோறும் கறியும்தான் அந்த மாஸ்டரின் உண்மையான கைப்பக்குவம். அடியில் பிடித்ததும் மேலே காய்ந்ததும் பின்னால் வருகிறவர்களுக்குப் போகும்.

சீரகச் சம்பாவா, பாசுமதியா என்பது ஊர்ப் பழக்கம். திண்டுக்கல், ஆம்பூர் பக்குவம் என்று பெயர்ப்பலகை சொன்னால் சீரகச் சம்பா இருக்க வேண்டும். ஆம்பூர் என்றால் கூடவே எண்ணெய்க் கத்தரிக்காயும் வர வேண்டும். பலகையில் ஆம்பூர் என்று எழுதிவிட்டுச் சேர்வா ஊற்றினால் அந்தப் பெயரை விளம்பரத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சீரகச் சம்பா குழையாமல் வேக நல்ல அனுபவம் வேண்டும். அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், அதே சமயம் மசாலா உள்ளே இறங்கியிருந்தால் அடுப்பில் நிற்பவர் தொழில் தெரிந்தவர். மேலே வண்ணப்பொடி தூவியிருந்தால் கேட்டுத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

மீன் கடையானால் கேள்வி வேறு. “இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு?” என்றால் எப்போதும் வஞ்சிரம் என்றே பதில் வருகிற இடம் குளிர்பெட்டியை நம்பி நடக்கிறது. நெத்திலி, சங்கரா, காரப்பொடி என்று அன்று காசிமேட்டில் கிடைத்ததைச் சொல்லும் கடையில் உட்காருங்கள். சின்ன மீனைக் கழுவி ஆய்வது கடினமான வேலை. அதை மெனுவில் வைத்திருப்பவர் உழைக்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்தான் புதியது, விலையும் ஏறும். புது மீன் கடையை எடைபோட அது ஏற்ற பருவம் இல்லை, ஜூலையில் போங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அசைவக் கடைகள் வெறிச்சோடும். அப்போது போனால் மாஸ்டரே வந்து பேசுவார், ஆனால் அன்றைக்கு அவர் வைத்திருப்பது குறைவு. ரமலான் மாதத்தில் அண்ணா நகரை விட்டுவிட்டு மெட்ரோவில் மண்ணடி போய் இறங்குங்கள். நோன்பு திறந்த பிறகு அந்தத் தெருக்களில் அந்த மாதத்துக்கென்றே முளைக்கும் கடைகள் இருக்கும்.

பில்லைப் படிப்பது

சாப்பிட்டு முடித்ததும் பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளாமல் ஒரு நிமிடம் படியுங்கள். அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அது கட்டாயம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம். நாலாவது, ஐந்தாவது இலக்கங்கள் எந்த ஆண்டு பெற்றது என்று சொல்லும். அங்கே 24 என்று இருந்தால் 2024. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிய பழைய கடையா, நிஜமாகவே புதிதா என்பதை இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

வரி பெரும்பாலும் 5 சதவீதம். 600 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய வரி 15, மாநில வரி 15, மொத்தம் 630. சிறு கடைகள் பல தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, அதைப் பில்லிலேயே குறிப்பிடவும் வேண்டும். சேவைக் கட்டணம் என்று தனித் தொகை ஒன்று சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடுத்த தொகையைப் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுத்தால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும்.

விலையைப் பேரம் பேசாதீர்கள், தெரிந்தவர் என்று தள்ளுபடி கேட்காதீர்கள். முதல் வருடம் முதலாளிக்கு வாடகை, மளிகை, 19 கிலோ வணிக சிலிண்டர், ஆள் சம்பளம் எல்லாம் கைக்காசு. வீட்டுக்கு அருகே கடை இருந்தால் டெலிவரி ஆப்பைத் திறக்காமல் நேரே போன் போட்டுச் சொல்லிப் பார்சலை நீங்களே போய் வாங்குங்கள். ஆப் எடுத்துக்கொள்ளும் கமிஷன் கடைக்காரர் கையில் நிற்கும்.

கல்லாவில் சொல்ல வேண்டியது

நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் கடைக்காரருக்குப் பயன் குறைவு. எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லுங்கள். குறை இருந்தால் அதையும் அங்கேயே, கூட்டம் இல்லாத நேரத்தில், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். “அக்கா, ரசம் ரொம்ப நல்லா இருந்தது. சுக்கால மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல், சோத்தோட பிசைஞ்சா தெரியல, தனியாச் சாப்பிட்டா தெரியுது.” இப்படிச் சொன்னால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரியும். அதையே சாப்பிட்டு எழுந்து போய் இரவில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினால், யார் எழுதினார், எந்த நாள், எந்த அண்டா என்று தெரியாமல் தவிப்பார். திறந்து மூன்றே மாதமான கடைக்கு அப்படிப்பட்ட பத்து வரிகள் பெரிய அடி. பண்டம் கெட்டிருந்தாலோ சுத்தம் இல்லாவிட்டாலோ விஷயம் வேறு. அங்கே தயங்காமல் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்க வேண்டும், அது அடுத்து வருகிறவருக்கு நீங்கள் செய்யும் கடமை.

எழுதுவதானால் விவரமாக எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு ஆயிற்று, அடுத்தவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘வேற லெவல்’ என்ற சொல்லைப் படித்து யாரும் வழி கண்டுபிடித்துப் போக முடியாது.

நாலு கடையில் ஒன்றுதான் உங்களுக்கு நிஜமாகப் பிடித்திருக்கும். அது போதும். பெயரையும் மாஸ்டரின் ஊரையும் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வார நாளில், மதியம் இரண்டரைக்கு, முன்பு சாப்பிட்ட அதே பண்டத்தைச் சாப்பிடப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியில் எந்தக் கடையும் முதுகை நிமிர்த்தி நிற்கும். செவ்வாய்க்கிழமை பந்தி கலைந்த நேரத்தில் வரும் ரசமும் அதே மாதிரி இருந்தால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நூறு பேர் சாப்பாட்டை அவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். பத்து நாள் முன்னதாகச் சொல்லி, பாதி முன்பணம் கையோடு கொடுத்துவிடுங்கள்.